குடித்துவிட்டு வரும் அப்பாவின் பைக்கில் ஏறாதிருக்கப் பழக்குங்கள்

ஜனவரி வந்தால் பள்ளிகளில் சாலைப் பாதுகாப்பு உறுதிமொழி, ஓவியப் போட்டி, திரையில் விபத்துப் படங்கள். ரத்தத்தைப் பார்த்து முகம் திருப்பும் பிள்ளைகள் அடுத்த பாடவேளையில் அதை மறந்துவிடுகிறார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை இன்று வண்டி ஓட்டப்போவதில்லை. கல்யாண வீட்டில் குடித்துவிட்டுக் கிளம்பும் அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ பின்னால் உட்காரப்போகிறது. பாடம் அங்கே தொடங்க வேண்டும்.

முதலில் கரும்பலகையில் கணக்கு. ஒரு குவார்ட்டர் 180 மில்லி, லேபிளில் 42.8 சதவீதம். அதில் சுத்த ஆல்கஹால் 77 மில்லி, எடையில் சுமார் 60 கிராம். 60 கிலோ ஆணுக்கு 100 மில்லி ரத்தத்தில் ஏறத்தாழ 150 மில்லிகிராம் ஏறும். சட்டத்தின் எல்லை 30. ஈரல் மணிக்கு 15 மில்லிகிராம்தான் இறக்கும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், குறையும். ராத்திரி 11 மணிக்குக் குடித்தவர் காலை 6 மணிக்குப் பிள்ளையை டியூஷனுக்கு ஏற்றிப் போனாலும் எல்லைக்கு மேலேதான் இருப்பார். மோர், எலுமிச்சை, கடுங்காப்பி, தலைக்குத் தண்ணீர் எதுவும் இதை வேகப்படுத்தாது. பாதி அளவான கட்டிங்குக்கே 75 வரும்.

பிறகு மைதானம். 60 கிலோமீட்டர் வேகத்தில் பைக் நொடிக்கு 17 மீட்டர் ஓடும். பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி ஆனால் 17 மீட்டர், ஒன்றரை நொடி ஆனால் 25. இரண்டு இடத்திலும் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். நடுவில் இருப்பது மூன்று ஆட்டோக்கள் வரிசையாக நிற்கிற நீளம். குடித்தவர் பார்வை போலக் காட்டும் போதைக் கண்ணாடி மாட்டி நடக்கவிடுவது சிரிப்பில் முடிந்துவிடும். அது பார்வையை மட்டும்தான் கெடுக்கும். "எனக்கு ஒண்ணும் ஆகாது" என்ற குடித்தவரின் தைரியத்தைக் காட்டாது.

சட்டத்துக்குப் பத்து நிமிடம் போதும். குடித்துவிட்டு ஓட்டி முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

மிச்ச நேரம் முழுவதும் ஒத்திகைக்கு. "குடிச்சிருக்கீங்க" என்று நாலு பேர் முன்னால் சொன்னால் பல வீடுகளில் அடிதான் விழும். அப்பாவின் மானம் போகாத ஒரு சாக்கு வேண்டும். "பாட்டிகூடப் படுத்துக்கிறேன்ப்பா, காலையில வரேன்." "வயிறு சரியில்ல, நான் அத்தைகூட பஸ்ல வரேன்." இருவர் இருவராக நிறுத்துங்கள். அப்பாவாக நடிப்பவர் "ஏறு, நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்" என்று மூன்று முறை வற்புறுத்தட்டும். முதல் முறை எல்லாரும் மறுத்துவிடுவார்கள்; மூன்றாவது முறையில்தான் குரல் இறங்கும். அங்கே நின்று மறுபடியும் பழக்குங்கள்.

சாவியைப் பிடுங்கச் சொல்லாதீர்கள், அது பெரியவர்கள் வேலை. பிள்ளை மாமாவிடம் போய்ச் சொன்னால் போதும். "யார் வீட்ல குடிக்கிறாங்க?" என்று வகுப்பில் கேட்கவே கூடாது. தனியாக வந்து சொல்லும் பிள்ளைக்குக் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐக் கொடுங்கள். கையில் போன் இல்லாத நேரத்துக்கு அம்மா எண்ணும் இன்னொரு பெரியவர் எண்ணும் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடமாக இருக்க வேண்டும். நாளைக்கே ஒவ்வொருவரையும் எழுப்பிச் சொல்லச் சொல்லிப் பாருங்கள்.