"பத்து நிமிஷ வேலைண்ணே, ரெண்டே நட்டு தான்"

மூணு ஞாயித்துக்கிழமை போச்சுய்யா எனக்கு. சொந்தக்காரங்க கெடா வெட்டுக்குப் போகல, மதினி வீட்டுல கறிக்கொழம்புன்னு போன் பண்ணாங்க அதுக்கும் போகல, வாசல்ல சாக்க விரிச்சு அதுல ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு பைக் சைலன்சர்ல இருக்குற ஒரு பத்தாம் நம்பர் நட்டோட மல்லுக்கட்டுனது தான் மிச்சம். இத எங்கயாச்சும் கொட்டலேன்னா எனக்கு மண்ட வெடிச்சிரும்.

வண்டி எங்கப்பா வாங்குனது, 2011ல, நூறு சிசி, கார்புரேட்டர் வண்டி, சென்சாரு கின்சாரு ஒரு எளவும் கெடையாது. ரெண்டு மாசமா சத்தம் சரியில்ல. மொதல்ல லேசா புஸ் புஸ்னு இருந்துச்சு, போகப்போக உழவு டிராக்டர் மாதிரி ஆயிருச்சு, ஆக்சிலேட்டர விட்டா போதும் டப் டப்னு வெடி. இங்க மதுரையில தெப்பக்குளத்த சுத்தி காலைல வாக்கிங் போற பெரியவங்க எல்லாம் நெஞ்சப் புடிச்சிக்கிட்டு திரும்பி மொறைக்கிறாங்க. எம் மாடி வீட்டு அக்கா "தம்பி, காலைல ஆறு மணிக்கு அதக் கெளப்பாத, பால் பொங்கி வழியிது"ன்னு சொல்லிட்டாங்க. வெடிக்கும் பால் பொங்குறதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கவா முடியும்.

வெடிக்கிறதுக்கு காரணம் ஒண்ணும் பெரிய ரகசியம் இல்ல. எஞ்சின் ஹெட்டுல (எஞ்சினோட தலப்பக்கம்) இருந்து பெண்ட் பைப், அதான் பொகைய சைலன்சருக்குக் கொண்டு போற வளஞ்ச குழாய், கெளம்புற எடத்துல ஒரு வளையம் மாதிரி கேஸ்கெட் இருக்கும், அது தேஞ்சு போனா வெளிக்காத்து உள்ள போகும், எரியாம தப்பிச்சு வர்ற பெட்ரோல் ஆவி சூடான சைலன்சருக்குள்ள இந்தக் காத்தோட சேந்தா அங்கயே பத்திக்கிட்டு வெடிக்கும். துணியச் சுருட்டி சைலன்சர் வாய ஒரு நொடி அடச்சுப் பாத்தேன், ஹெட்டுக்கிட்ட ஒரு புஸ்ஸு, கீழ ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு புஸ்ஸு. ரெண்டு ஓட்ட. கேஸ்கெட் வெல முப்பது ரூவா. கடைக்காரப் பையன் எடுத்துக் குடுக்குறப்பவே சொல்றான், "பத்து நிமிஷ வேலைண்ணே, ரெண்டே நட்டு தான், நீங்களே மாட்டிரலாம்." அந்த வாய்க்கு சக்கரையத் தான் போடணும்.

இத எப்பிடி மாட்டுறதுன்னு வீடியோல பாத்தீங்கன்னா ஒருத்தர் வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டு, ஸ்பேனர வச்சார், திருப்பினார், நட்டு கழண்டுருச்சு, அடுத்ததுக்குப் போயிட்டார். டேய் அது புது வண்டிடா! பதிமூணு வருஷமா முன் வீல் தூக்கி அடிச்ச சேறையும், மழைக்காலத்துல பாலத்துக்கு அடியில தேங்குற சாக்கடத் தண்ணியையும் நேரா மூஞ்சில வாங்குன நட்டு எப்பிடி இருக்கும்னு ஒரு வீடியோ போடுங்கடா பாப்போம். அது நட்டு மாதிரியே இருக்காது, காஞ்ச சுண்டக்கா மாதிரி இருக்கும்.

மொத ஞாயிறு. ராத்திரியே மண்ணெண்ண ஊத்தி ஊறவச்சேன், காலைல மறுபடி ஒரு தடவ. இடது பக்க நட்டு கிர்ர்ருன்னு அழுதுக்கிட்டே வந்துருச்சு, எனக்கு கைகால் புரியல சந்தோஷத்துல. வலது பக்கத்துல தான் சனியன் உக்காந்திருந்தான். வைக்கிறேன், வழுக்குது. வைக்கிறேன், வழுக்குது. மூல எல்லாம் மழுங்கி ரவுண்டாயிருச்சு. அப்புறம் ஒன்பதாம் நம்பர் பாக்ஸ் ஸ்பேனர சுத்தியலால அடிச்சு எறக்கி மெதுவா திருப்புனேன், மொதல்ல மொரண்டு புடிச்சுச்சு, அப்புறம் திடீர்னு வெண்ண மாதிரி திரும்புது. ஆகா கழண்டுருச்சுன்னு நெனச்சேன். கால் சுத்து, அர சுத்து, டிக். அவ்ளோ தான். ஸ்பேனருக்குள்ள நட்டு, நட்டுக்குள்ள ஸ்டட்டோட (ஹெட்டுல சொருகியிருக்குற மரை போட்ட கம்பி, அதுல தான் நட்டு ஏறும்) பாதி உடம்பு. ஒடஞ்ச எடத்தப் பாத்தா நடுவுல வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்கு, ஓரத்துல சுத்தி காப்பிக் கலர்ல ஒரு துரு வளையம். அந்த வெண்ண மாதிரி திரும்புனது நட்டு இல்ல, ஸ்டட்டே ஜிலேபி மாதிரி முறுக்கிக்கிட்டு செத்துக்கிட்டு இருந்துருக்கு. ஆறு மில்லி கம்பிங்க அது, சுண்டு விரல் பாதி கனம்.

இங்க தான் எனக்கு வயிறு எரியிது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே சைலன்சர ஒரு வொர்க்ஷாப்ல கழட்டி மாட்டுனாய்ங்க. பேரு வேணாம். நான் நின்னு பாத்துக்கிட்டு தான் இருந்தேன், அந்தப் பையன் ஸ்பேனர் கைப்பிடியில ஒரு இரும்புப் பைப்ப சொருகி, அது மேல தொங்காத குறையா இறுக்குறான். "போதும்பா"ங்குறேன். "டைட்டா இருந்தா தான்ணே லீக் ஆகாது"ங்குறான். பழைய கேஸ்கெட்டயே போட்டுட்டு அது லீக் ஆகாம இருக்க பைப்ப சொருகி இறுக்குனா எப்பிடிய்யா நிக்கும்? ஆறு மில்லி ஸ்டட்டுக்கு மணிக்கட்டு பலம் போதும், அதுவும் ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா. ஹெட்டு அலுமினியம், ஸ்டட்டு இரும்பு, நடுவுல சூடும் தண்ணியும், ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு புடிச்சுக்காம என்ன பண்ணும். சூடு தாங்குற காப்பர் கிரீஸ்னு ஒண்ணு இருக்கு, மாட்டும்போது ஒரு பொட்டு தடவுனா போதும், யாரு தடவுறா? நான் கழட்ட முடியாம சாகுறது நான் செஞ்ச தப்பு இல்ல, அன்னைக்கு மாட்டுனவன் செஞ்சது.

சரி ஒடஞ்சிருச்சு, அடுத்தது என்ன? ஆலோசனைக் கூட்டம். தெருவுல ஒருத்தன் வண்டிய சாச்சு வச்சுட்டா போதும், டாக்டரேட் வாங்குனவன் எல்லாம் டீக்கடையில இருந்து கெளம்பி வந்துருவான். ஒரு மாமா குழாய்க்கு அடைக்கிற ரெண்டு கலர் புட்டிய பெசஞ்சு கீழ ஓட்டையில அப்பச் சொன்னார். இன்னொருத்தர் தகர டப்பாவ வெட்டி சுத்தி கிளாம்ப் போடுங்குறார். இன்னொரு தம்பி, "எதுக்குண்ணே இம்புட்டு கஷ்டம், பின்பக்கத்த அறுத்து விட்டுருங்க, சும்மா கெத்தா இருக்கும்". ஏன்டா, ராத்திரி பதினோரு மணிக்கு தெப்பக்குளத்து ரோட்டுல பட பட பட்னு அலப்பற பண்றதே நீ தானாடா? மோட்டார் வாகனச் சட்டம் 190(2)ல அதுக்கு பத்தாயிரம் ரூவா வரைக்கும் அபராதம் இருக்கு, மூணு மாசம் வரைக்கும் உள்ள கூட வைக்கலாம். ஆனா அவனுகள எவனும் நிறுத்த மாட்டான். என்னய நிறுத்துனாங்க! போன மாசம் ஒரு சிக்னல்ல, "என்ன சார் சைலன்சர மாடிஃபை பண்ணீருக்கீங்களா"ன்னு. சார், இது துரு பண்ண மாடிஃபிகேஷன்னு சொல்லி தப்பிச்சேன்.

புட்டிய நான் அப்புனேன், ஒத்துக்கிறேன். முந்துன வாரமே அப்பிருந்தேன். கீழவாசல் போயிட்டு திரும்பி வர்றதுக்குள்ள பிளாஸ்டிக் கருகுன நாத்தம், காமராஜர் சாலையில எங்கயோ விழுந்துருச்சு. பெண்ட் பைப்பெல்லாம் பல நூறு டிகிரி போகும், கீழ்ப்பக்கம் கொஞ்சம் கம்மின்னாலும் தண்ணிக் குழாய்க்குன்னு செஞ்ச மாவு எப்பிடி தாங்கும்.

ரெண்டாவது ஞாயிறு சைலன்சரத் தூக்கிக்கிட்டு கேட்டு கிரில் அடிக்கிற பட்டறைக்குப் போனேன். ஆர்க் வெல்டிங் வச்சார். வச்ச ஒடனே ஒத்த ரூவா அளவு ஓட்ட பத்து ரூவா அளவு ஆயிருச்சு. தகடு ஒரு மில்லி கனம் கூட மிச்சம் இல்ல, அதுல போயி கேட்டுக்கு வைக்கிற குச்சிய வச்சா பொத்துக்கிட்டு தான் போகும். "இது நம்ம வேல இல்ல தம்பி"ன்னு அப்புறமா சொல்றார்ங்க. முன்னாடி சொல்லக் கூடாதாய்யா அத?

கடைசியில தெப்பக்குளத்துக்குப் பக்கத்துல ஒரு பெரியவர், கேஸ் வெல்டிங். அவரு தான் உருப்படியா ஒரு வார்த்த பேசுனவரு. சுத்தியலால ஓட்டைய சுத்தித் தட்டுனார், அப்பளம் நொறுங்குற மாதிரி பொலபொலன்னு கொட்டுது. "தெனமும் எம்புட்டு தூரம் ஓட்டுறீக"ன்னார். அனுப்பானடியில இருந்து கீழவாசல் கடைக்குண்ணே, மூணு கிலோமீட்டர் இருக்கும்னேன். சிரிச்சார். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வெளிய வருமாம், நான் வந்து தேடிப் பாத்தேன், சரி தான். தூரமா ஓட்டுனா சைலன்சர் நல்லா சூடாகி அது காஞ்சு போயிரும். கூப்புடு தூரத்துக்கு ஓட்டி நிறுத்துறவனுக்கு உள்ளயே தங்கி, உள்ள இருந்து வெளிய அரிக்கும். நான் பதிமூணு வருஷமா வெளிப்பக்கத்த தொடச்சு தொடச்சு பளபளன்னு வச்சிருந்தேன். பாருங்க கொடுமைய. கீழ தண்ணி வடியிறதுக்குன்னு குட்டியா ஒரு தொளை உண்டு, அதையும் ஏதோ ஓட்டைன்னு நெனச்சு புட்டிய வச்சு அடச்சது நான் தான். அத அவர்ட்ட சொல்லல.

கெட்டுப் போன தகட்ட வெட்டிட்டு புதுசா தகடு வச்சு பத்த வச்சுக் குடுத்தார். ஸ்டட்டுக்கு வண்டியவே கொண்டு வரச் சொல்லிட்டார்.

மூணாவது ஞாயிறு. கத்திரி வெயில். சைலன்சர் இல்லாம ஓட்ட முடியாது, அனுப்பானடியில இருந்து தெப்பக்குளம் வரைக்கும் தள்ளுனேன். வழியில ஆறு பேரு, "பெட்ரோல் இல்லையாண்ணே?" ஆறு பேருக்கும் நின்னு பதில் சொன்னேன், அஞ்சாவது ஆளுக்கு மட்டும் ஆமான்னுட்டேன். பெரியவரு மொதல்ல பேட்டரி ஒயர கழட்டச் சொன்னார், அவரு மகன் மிஷின எடுத்தாந்து, ஹெட்டுல ரெண்டு மில்லி நீட்டிக்கிட்டு இருந்த மொட்ட ஸ்டட்டு மேல பெரிய நட்டு ஒண்ண வச்சு உள்ளுக்குள்ள பத்த வச்சார். செவக்கச் செவக்க எரிஞ்சுச்சு. தொடாத, ஆறட்டும்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க. வந்து ஸ்பேனர வச்சு முன்ன கொஞ்சம் பின்ன கொஞ்சம்னு ஆட்டி ஆட்டி திருப்புனா, வருதுங்க! நான் மூணு வாரமா கெஞ்சுனதுக்கு அசையாதது அவருக்கு ரெண்டு நிமிஷத்துல வந்துருச்சு. புது ஸ்டட்டு, புது நட்டு, புது கேஸ்கெட், எல்லாம் சேத்து மொத்தம் 850 ரூவா. புது சைலன்சர் வாங்கிருந்தா இத விட ரொம்ப அதிகம்.

இதுல கோவம் வர்ற இன்னொரு விஷயம், எம்மக தெனமும் முன்னாடி டேங்க் மேல தான் உக்காந்து வருவா. ஹெட்டுக்கிட்ட லீக் ஆன பொகை நேரா அவ மூஞ்சிக்கு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கெடையாது. சத்தத்தப் பத்தி ஊரே பேசுச்சு, இத ஒருத்தரும் சொல்லல, எனக்கும் ரெண்டு மாசமா ஒறைக்கல. போர்டிகோல கேட்ட சாத்திக்கிட்டு வண்டிய ஓடவிட்டு டெஸ்ட் பண்ணேன் பாருங்க, அதுக்கு என்னைய நானே செருப்பால அடிச்சுக்கணும்.

நேத்து சாயந்திரம் அந்த பழைய வொர்க்ஷாப் வழியா வந்தேன். மொதலாளி டீ கிளாஸோட வெளிய நிக்கிறார். கைய ஆட்டி நிறுத்துனார். "என்னண்ணே, வண்டி சத்தமே இல்லாம சூப்பரா ஓடுது போல, நம்ம பயலுக கைவேலைல்ல!" வாய் வரைக்கும் வந்துருச்சு. பைப்பு, பழைய கேஸ்கெட், கத்திரி வெயிலு எல்லாம். "ஆமாண்ணே, நல்லா ஓடுது"ன்னுட்டு வந்துட்டேன். அடுத்த மாசம் செயின் செட்டு மாத்தணும், சுத்துவட்டாரத்துல கடன் சொன்னா செய்யிறவரு அவரு ஒருத்தரு தான்.