செல்லோவுக்கும் ஒரு டிக்கெட்

எனக்கு நெருக்கமான ஒரு பெண் செல்லோ வாசிக்கிறாள்; உட்கார்ந்து முன்னால் நிறுத்தி வாசிக்கும் பெரிய வயலின் மாதிரியான வாத்தியம் அது. ஒரு மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவில் ஆள் எடுக்க வாசிக்கச் சொல்லித் தேர்வு செய்யும் ஆடிஷனுக்குப் போக விமானத்தில் இரண்டு டிக்கெட் எடுத்தாள். ஒன்று அவளுக்கு, இன்னொன்று செல்லோவுக்கு. லக்கேஜில் போட்டால் உடைந்துவிடுமோ என்ற பயம், தலைக்கு மேல் வைக்கவும் இடம் பத்தாது. ஜன்னலோர சீட்டில் தலைகீழாகச் சாய்த்து வைத்து, பெல்ட் எட்டாமல், பணிப்பெண்ணிடம் கூடுதல் பெல்ட் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு போனாள். மறுநாள் மேடையில் வாசித்தது சில நிமிடம். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து "தேங்க் யூ" என்று ஒரு குரல். அவ்வளவுதான். டிக்கெட்டுக்கு வாங்கிய கடனை அடைக்க மூன்று மாதம் வீடு வீடாகப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்தாள்.

அந்தத் திரையை நான் மதிக்கிறேன். வாசிப்பவர் யாரென்று நடுவர்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகக் கட்டுகிறார்கள். செருப்புச் சத்தத்தில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடக்கூடாது என்று தரையில் கம்பளம்கூட விரிக்கிறார்கள். ஆனால் அந்த நியாயமெல்லாம் அரங்குக்கு வந்து சேர்ந்தவர்களுக்குத்தானே? டிக்கெட் எடுக்க வழியில்லாமல் வீட்டிலேயே நின்றுவிட்டவர்களுக்குத் திரை என்ன செய்யும்?

அதனால்தான் அமெரிக்காவில் 2018-ல் மூன்று லாப நோக்கற்ற அமைப்புகள் இப்படிப்பட்டவர்களுக்கு உதவக் கைகோத்ததை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். அந்நாட்டு ஆர்கெஸ்ட்ராக்களில் கறுப்பினக் கலைஞர்கள் 1.8 சதவீதம், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் 2.5 சதவீதம் என்று 2014-ஆம் ஆண்டுக் கணக்கு சொன்னது. மூன்றில் ஒன்றான ஸ்பிங்க்ஸ் அமைப்பு 1997 முதல் இந்த இரு சமூகத்து இளம் கலைஞர்களோடு வேலை செய்கிறது; யாரிடம் திறமை இருக்கிறது என்று அதற்குத் தெரியும். மயாமி பீச்சில் இருக்கும் நியூ வேர்ல்ட் சிம்பொனி இளம் கலைஞர்களுக்கான ஆர்கெஸ்ட்ரா; அதற்குப் பயிற்சி கொடுக்கத் தெரியும். அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்களின் சங்கமான லீகுக்கு எல்லா ஊர் ஆர்கெஸ்ட்ராக்களோடும் தொடர்பு உண்டு. மெல்லன் அறக்கட்டளை பணம் கொடுத்தது. இந்தக் கூட்டு எடுத்துக்கொண்ட வேலை: ஆடிஷனுக்குத் தயார்செய்வது, மூத்த கலைஞர் ஒருவரை வழிகாட்டியாகச் சேர்த்துவிடுவது, முக்கியமாகப் பயணச் செலவு. தனித்தனியாக இருந்திருந்தால் மூவரில் ஒருவராலும் இதை முழுசாகச் செய்திருக்க முடியாது.

தனிக் கச்சேரி செய்பவர்களின் பாடு வேறு மாதிரி. போட்டியில் ஜெயித்த அடுத்த வாரம் போன் அடிக்கும், அடுத்த மாதம் அடிக்காது. மேனேஜர்கள் கமிஷனில் பிழைப்பவர்கள். புதுமுகத்துக்காக அரங்கம் அரங்கமாகப் பேசுவதற்கு நட்சத்திரத்துக்கு ஆவதைவிட அதிக நேரம் ஆகும், வரும் கமிஷனோ சொற்பம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சூசன் வாட்ஸ்வொர்த் 1961-ல் நியூயார்க்கில் யங் கான்சர்ட் ஆர்டிஸ்ட்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கியது இந்த இடைவெளியை நிரப்பத்தான். அங்கே முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. இத்தனை பேரைத்தான் எடுப்போம் என்ற கணக்கும் கிடையாது. தேர்வானவர்களுக்குச் சில வருடங்கள் கச்சேரி தேடித் தருவது அமைப்பின் வேலை. பியானோ கலைஞர் இமானுவெல் ஆக்ஸ் அப்படி வந்தவர்தான். லண்டனில் 1984-ல் இதே நோக்கத்தோடு தொடங்கிய ஒய்.சி.ஏ.டி. (யங் கிளாசிக்கல் ஆர்டிஸ்ட்ஸ் டிரஸ்ட்), பின்னர் நியூயார்க்கில் இதே வேலை செய்யும் கான்சர்ட் ஆர்டிஸ்ட்ஸ் கில்டோடு கைகோத்தது. அட்லாண்டிக்கின் ஒரு கரையில் பெயர் எடுத்தவரை மறு கரையில் யாருக்கும் தெரியாது என்பதால், இந்தக் கூட்டு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

எனக்கு வருத்தமும் உண்டு. ஒரு இடத்தில் தேர்வானவரையே அடுத்த இடமும் தேடிப் போகிறது. ஒரே பத்துப் பேரைச் சுற்றி எல்லாக் கதவும் திறக்கிறது. கொடையாளிகளும் தங்கள் பெயரில் பரிசு வைக்கத்தான் ஆசைப்படுகிறார்கள். கலைஞர்களுக்குக் கச்சேரி தேடி ஆபீஸில் உட்கார்ந்து நாளெல்லாம் போன் பேசும் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க ஆள் கிடைப்பதில்லை. கையில் பணம் இருப்பவர்களிடம் நான் கேட்பது அந்தச் சம்பளத்தைத்தான்.

அந்தப் பெண் போன வாரம் ஒரு அறக்கட்டளையின் பயண உதவிக்கு விண்ணப்பித்தாள். படிவத்தை எனக்குக் காட்டினாள். பெயர், வயது, வாத்தியம். அதற்கு நேர் கீழே ஒரு கேள்வி: "உங்கள் வாத்தியத்துக்குத் தனி இருக்கை தேவையா?" அந்த வரியை அவள் எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள்.