வெள்ளைத் தேள் விற்பனைக்கு

போன வாரம் நண்பர் ஒருவர் ஒரு படம் அனுப்பினார். தந்த நிறத்தில் ஒரு பேரரசத் தேள். பலர் ஆசைக்கு வீட்டில் வளர்க்கும் பெரிய கறுப்புத் தேள் அது. "அபூர்வ வெள்ளை ரகம், இனப்பெருக்கத்துக்கு ஏற்றது" என்று விற்பவர் எழுதியிருந்தார். விலையோ கறுப்புத் தேளின் விலையைப்போலப் பல மடங்கு. வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். புற ஊதா விளக்கின்கீழ் எடுத்த படம் ஒன்றை வாங்கிப் பாருங்கள் என்றேன். நண்பர் கேட்டார். விற்பவர் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

தேள் வளர்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. தோலுரித்த தேள் வெளுத்துத்தான் இருக்கும். ஓடு இறுக இறுக நிறம் ஏறும். புற ஊதா ஒளியில் தேள் நீலப்பச்சையாக மின்னுவது ஓட்டின் மேலடுக்கில் சேரும் வேதிப்பொருள்களால். அவற்றில் ஒன்றான பீட்டா கார்போலினை 1999இல் அடையாளம் கண்டார்கள். இறுகாத புதுத் தோல் அப்படி மின்னாது. மின்னாத வெள்ளை, சில நாளில் கறுத்துவிடும் வெள்ளை.

மோசடி என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம்தான். ஆனால் உண்மையிலேயே நிறம் பிறழ்ந்த தேள் ஒன்று கிடைத்தாலும், அதை ஒரு ரகமாகப் பெருக்க நினைப்பது வீண்வேலை என்பதே என் எண்ணம். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஒருநாள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன், அன்றோடு விட்டது.

பேரரசத் தேள் முதிர்ச்சியடைய ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆகும். சினைக்காலமே ஏழெட்டு மாதம், சில வேளை ஓராண்டுக்கும் மேல். வெள்ளைக் குட்டி ஒன்று பிறக்கிறது என்று வையுங்கள். அதை வளர்க்க நான்கு ஆண்டு, இணைசேர்த்துக் குட்டி காண ஓராண்டு. அந்த நிறம் ஒடுங்கு பண்பாக, அதாவது தாய் தந்தை இரு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளிப்படுவதாக, இருந்தால் பிறக்கும் அத்தனையும் கறுப்பு. அவற்றை மறுபடி நான்கு ஆண்டு வளர்த்து, உடன்பிறந்தவற்றையே இணைத்து, இன்னும் ஓராண்டு காத்திருந்தால் நான்கில் ஒன்று வெள்ளையாக வரலாம். ஆக மொத்தம் பத்து ஆண்டு! இதற்குள் தோலுரிக்கும்போது சிக்கிச் செத்தவை, பெண் தேள் தின்றுவிட்ட ஆண்கள், ஈரப்பதம் தவறி இழந்தவை எல்லாம் தனிக் கணக்கு. முதலில் அந்த வெள்ளை பரம்பரையாக வருவதுதானா, வளர்ப்புச் சூழலால் வந்த வெளுப்பா என்பதே பத்தாம் ஆண்டில்தான் தெரியும்.

சீக்கிரம் முதிரும் தேள்கள் இல்லையா என்றால், இருக்கின்றன. பூதிடே குடும்பத்தில் பல இனங்கள் ஓரிரு ஆண்டுகளில் முதிர்ந்துவிடும். ஆனால் மனிதரைக் கொல்லக்கூடிய தேள்களில் ஏறத்தாழ எல்லாமே அந்தக் குடும்பம்தான். நம் செந்தேளும் அதில் சேர்த்தி. பிரேசிலின் மஞ்சள் தேள் இன்னும் ஒருபடி மேலே போய், ஆணே இல்லாமல் குட்டி போடும். நிறம் பிறழ்ந்த ஒரு பெண் கிடைத்தால் இணைதேடும் வேலையே இல்லை, அப்படியே நகலெடுத்துத் தந்துவிடும். நிறப்பித்துப் பிடித்தவருக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல. பெட்டியிலிருந்து ஒன்று தப்பினால் வீடே தேள்பண்ணை என்பதும் அதே காரணத்தால்தான்.

"நிற ரகம்" என்று விற்கப்படுபவற்றில் பலவும் ரகமே அல்ல என்பது இன்னொரு கூத்து. பாலைவனத் தேள்களில் ஒரே இனத்துக்குள்ளேயே வெளிர் நிறமும் கருநிறமும் இடத்துக்கு இடம் மாறி வரும். ஆசியக் கருந்தேள்களின் கதை இன்னும் மோசம். ஹெட்டரோமெட்ரஸ் என்று நாம் ஒரே பெயரில் அழைத்துவந்த நட்டுவாக்காலிகளை 2020இல் வெளிவந்த ஆய்வு ஒன்று பல பேரினங்களாகப் பிரித்துவிட்டது. அதுவரை "பழுப்பு ரகம்", "பச்சை மினுக்கு ரகம்" என்று ஒன்றோடொன்று இணைத்தவர்கள் எதை எதோடு சேர்த்தார்களோ! எந்த ஊரில் பிடித்தது என்ற குறிப்பு பெட்டியில் இல்லாவிட்டால் அந்தப் பரம்பரையை யாராலும் பிரித்தறிய முடியாது.

பல்லி வளர்ப்பவர்கள் இதில் ஏற்கெனவே சூடுபட்டவர்கள். 'லெமன் ஃப்ராஸ்ட்' என்ற சிறுத்தைப் பல்லி ரகத்தின் அழகிய வெளிர் மஞ்சளுக்குக் காரணமான அதே மரபணு மாற்றம்தான் தோலில் கட்டிகளையும் கொண்டுவருகிறது. பல்லிக்குக் கட்டி வந்தால் கண்ணுக்குத் தெரியும். ஓட்டுக்குள் இருக்கும் தேளுக்கு என்ன கோளாறு என்று நமக்கு எப்படித் தெரியும்? ஒருநாள் கவிழ்ந்து கிடக்கும்.

பேரரசத் தேள் மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளிலிருந்து அள்ளப்பட்டே உலகெங்கும் போனது. அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் அதைச் சேர்த்ததும் அதனால்தான். எனவே சாதாரணக் கறுப்பையே காட்டிலிருந்து எடுக்காமல் மூன்று தலைமுறை வளர்த்துக் காட்டுபவர் யாராவது இருந்தால், அவரிடம் நான் வரிசையில் நின்று வாங்குவேன்.

சொல்ல மறந்துவிட்டேன். என் பெண் தேள் நேற்று குட்டி போட்டிருக்கிறது. முதுகில் பதினேழு, அத்தனையும் பால் வெள்ளை, எல்லாப் பேரரசத் தேள் குட்டிகளையும்போலவே. படம் போட்ட பத்தாவது நிமிடம் ஒருவர் உள்பெட்டியில் வந்து, வெள்ளைக் குட்டி என்ன விலை என்று கேட்டிருக்கிறார்.