துளை பெரிதாக இருந்தாலும் தண்ணீர் நிற்கும்

"0.2 மைக்ரான் துளை, தண்ணீர் மூலக்கூறைவிடச் சுமார் 700 மடங்கு பெரியது, அப்படியும் தண்ணீர் இறங்கவில்லை என்றால் ஃபில்டர் போலி" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. கணக்கு சரி, முடிவு தவறு.

துளையின் அளவு மட்டும் போதாது, அதன் சுவர் தண்ணீரோடு ஒட்ட வேண்டும். சில ஃபில்டர்களில் இருக்கும் டெஃப்லான் (ஒட்டாத தவாவில் பூசும் பொருள்) சவ்வின் துளைச் சுவர் தண்ணீரோடு ஒட்டாது. தாமரை இலைத் தண்ணீர் கதைதான். பரப்பு இழுவிசை, அதாவது தண்ணீரின் மேற்பரப்பைச் சுருக்கி இழுக்கும் விசை, தண்ணீரை வாசலிலேயே நிறுத்திவிடும், உள்ளே தள்ள நல்ல அழுத்தம் வேண்டும். அதே சவ்வை, அதன் சுவரோடு ஒட்டும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, காயவிடாமல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், சரசரவென இறங்கும். காய்ந்தால் பழைய கதை.

இது குறையே இல்லை. மருத்துவமனை டிரிப் செட்டின் காற்றுத் துவாரத்தில் இத்தகைய சவ்வை வேண்டுமென்றேதான் வைக்கிறார்கள்: காற்று போகும், திரவம் கசியாது.