அரும்பு என்று எழுதத் தைரியம் வேண்டியிருக்கிறது

"உங்க பள்ளியில மட்டும் ஏன் டீச்சர் இத்தனை அரும்பு?"

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வுக் கூட்டத்தில், எல்லார் முன்னிலையிலும் அலுவலர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. எனக்கு வாய் வரவில்லை. மூன்றாம் வகுப்புக்கு வந்தும் 'பட்டம்' என்ற சொல்லை எழுத்துக்கூட்டத் தடுமாறிய ஆறு பிள்ளைகளை உள்ளபடி அரும்பு, அதாவது கற்றலில் முதல் படி, என்று பதிந்திருந்தேன். அடுத்த மதிப்பீட்டில் அவர்களில் நான்கு பேரை அடுத்த படியான மொட்டு ஆக்கிவிட்டேன். பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். இன்றும் அதை நினைத்தால் மனசு குறுகுறுக்கிறது.

பள்ளிக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் ஏற்பட்ட இழப்பைச் சரிசெய்ய 2022 ஜூனில் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. முதலில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை, 2023-24இல் 4, 5ஆம் வகுப்புகளுக்கும். ஒன்றாம் வகுப்புத் திறனில் இருக்கும் பிள்ளை அரும்பு, இரண்டாம் வகுப்புத் திறன் என்றால் மொட்டு, மூன்றாம் வகுப்புத் திறன் என்றால் மலர். எந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் பிள்ளைக்கு எது தெரியுமோ அங்கிருந்து கற்றுக்கொடுக்க வேண்டும். எனக்கு இதில் முழு நம்பிக்கை உண்டு. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்து, பிறகு மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலில் பிள்ளை தன் வேகத்தில் படிப்படியாக ஏறிப்போகும் ஏணியும் அட்டைகளும் இதே எண்ணத்தில் பிறந்தவைதான். ஆக, முறை நமக்குப் புதிதல்ல.

ஆனால் முறையை நடத்துவது ஆசிரியர். கல்வி உரிமைச் சட்டக் கணக்குப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்பு, அவற்றுக்குள் மூன்று நிலை. அரும்புப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து கைபிடித்து எழுதவைக்கும்போது மற்றவர்களை யார் பார்ப்பது? அதற்கு நடுவில் எமிஸ் என்ற பள்ளிக்கல்வித் துறை இணையதளத்தில் விவரங்களைப் பதிவது வேறு. தனியாக ஒருவரால் இது முடியவே முடியாது. பள்ளி மொத்தமும் சேர்ந்தால் முடியும் என்பதை மாறுதலாகிப் போன அடுத்த பள்ளியில் கண்ணால் பார்த்தேன்.

அங்கிருந்த தலைமையாசிரியை முதல் நாளே சொன்னார்: "குறைவா இருந்தா குறைவாவே பதிவு பண்ணுங்கம்மா. கேள்வி வந்தா நான் பதில் சொல்லிக்கிறேன்." இந்த ஒரு வாக்கியத்தில் என் தோளிலிருந்து எவ்வளவு பாரம் இறங்கியது என்று சொல்லத் தெரியவில்லை.

மதிய உணவுக்குப் பிறகு நாற்பது நிமிடம் அந்தப் பள்ளியில் வகுப்பு வரிசை கிடையாது. எல்லா வகுப்பு அரும்புகளும் ஒரே அறையில். அவர்களை எடுத்துக்கொண்டது யார் தெரியுமா? முப்பது ஆண்டு அனுபவமுள்ள அதே தலைமையாசிரியை. பல இடங்களில் பார்வையிட யாராவது வந்தால் மலர்களை முன்னால் நிறுத்துவோம், அரும்புகள் கடைசி வரிசையில் படம் வரைந்துகொண்டிருப்பார்கள். இங்கே கைதேர்ந்த ஆசிரியர் மிகவும் தேவைப்படும் பிள்ளையிடம் போனார்.

வெள்ளிக்கிழமை கடைசியில் நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்து ஒரே ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசுவோம். எதையும் எழுத வேண்டாம், யாருக்கும் அனுப்ப வேண்டாம். என் வகுப்புப் பெண் ஒருத்தியை மந்தம் என்றே நினைத்திருந்தேன். ஒன்றாம் வகுப்பு டீச்சர்தான், "அவ புத்தகத்த மூக்குக்கிட்ட வச்சுப் பாக்குறா, கவனிச்சீங்களா?" என்றார். கண் பரிசோதனை, கண்ணாடி. அதற்கப்புறமும் அவள் மொட்டுக்கு வர அரையாண்டு ஆனது. இன்னொரு பையன் காலையில் தூங்கி விழுவான். காலை உணவு சமைக்கும் அக்காதான் விஷயத்தைச் சொன்னார்: "ராத்திரி சாப்பிடாம வர்றான் டீச்சர், இங்க ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிடுறான்." கூடுதல் பயிற்சி நூலைக் கொடுத்து என்ன பயன்? அவன் வீட்டுக்குத்தான் போனோம்.

இன்னொன்றும் மனசில் உறுத்துகிறது. அரும்பு அழகான சொல். அதையே "நீ அரும்புதானே" என்று பிள்ளைகள் திட்டாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பெரியவர்களாகிய நாம் உச்சரிக்கும் விதத்திலிருந்துதான் அவர்கள் அதை எடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகள் காதுபட நிலையின் பெயரைச் சொல்லாதீர்கள், தயவுசெய்து.

ஆய்வுக்கு வரும் அலுவலர்களிடம் ஒரே வேண்டுகோள். "ஏன் இத்தனை அரும்பு" என்று கேட்காமல், "இந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்றீங்க, நாங்க என்ன செய்யணும்" என்று கேளுங்கள். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர் மாதத்தில் இன்னும் ஒரு நாள் கூடுதலாக வர முடியுமா? எமிஸ் வேலையில் எதையாவது குறைக்க முடியுமா? அப்படிக் கேட்டால் எந்த ஆசிரியரும் எண்ணிக்கையை மாற்ற மாட்டார்.

அடுத்த வாரம் எங்களுக்கு ஆய்வுக் கூட்டம். என் வகுப்பில் இந்த முறை ஏழு அரும்பு. ஏழு என்றே கொண்டுபோகிறேன்.