ஆறு இலக்கம் கேட்கும் இயந்திரத்திடம் யார் பேசுவது?

கைப்பேசியின் மதர்போர்டு எரிந்துபோனால் ஒரு சிறு வணிகம் ஏன் நின்றுபோக வேண்டும்? நான் கடவுச்சொல்லை மறக்கவில்லை. மின்னஞ்சல் என் கையில் இருக்கிறது, தொலைபேசி எண் என் பெயரில் இருக்கிறது, கணக்கை யாரும் திருடவும் இல்லை. இருந்தும், குழந்தைகளுக்கான பருத்தி ஆடைகளைத் தைத்து விற்பதற்காக நான் நடத்திவரும் சமூக ஊடகப் பக்கத்துக்குள் என்னாலேயே நுழைய முடியவில்லை. சரிபார்ப்புச் செயலி காட்டும் ஆறு இலக்கக் குறியீட்டைத் தந்தால்தான் உள்ளே விடுவார்களாம்; அந்தச் செயலியோ எரிந்துபோன கைப்பேசிக்குள் கிடக்கிறது.

இந்த ஆறு இலக்கம் ஒன்றும் வானத்திலிருந்து இறங்குவதில்லை. முதல் நாள் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யும்போது ஒரு ரகசியச் சாவி கைப்பேசியில் பதிகிறது. அதே சாவி நிறுவனத்தின் சர்வரிலும் இருக்கிறது. இரு பக்கமும் அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் வைத்துக் கணக்கிட்டு, 30 விநாடிக்கு ஒருமுறை ஒரே விடைக்கு வந்து சேர்கின்றன. 2011இல் தரப்படுத்தப்பட்ட இந்த முறை நல்ல முறைதான், அதை நான் மறுக்கவில்லை. குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியை நம்பாதீர்கள் என்று வல்லுநர்கள் எச்சரித்ததிலும் நியாயம் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் அன்றைய தலைவர் ஜாக் டோர்சியின் தொலைபேசி எண்ணையே கைப்பற்றி, அவருடைய கணக்கிலேயே விஷமிகள் பதிவிட்டார்கள். 2023 மார்ச்சில் அதே ட்விட்டர், கட்டணம் செலுத்தாதவர்களுக்குக் குறுஞ்செய்திச் சரிபார்ப்பை நிறுத்திவிட்டு, வேண்டுமானால் செயலிக்கு மாறிக்கொள்ளுங்கள் என்றது. இப்படி எல்லோரையும் செயலியின் பக்கம் அனுப்பியவர்களில் எத்தனை பேர், அந்தச் செயலி இருக்கும் கைப்பேசியே போய்விட்டால் என்ன கதி என்பதை அதே அக்கறையோடு யோசித்தார்கள்? 2010இல் வெளிவந்த கூகுள் அதென்டிகேட்டர் என்ற சரிபார்ப்புச் செயலிக்கே, சாவிகளைக் கூகுள் கணக்கில் சேமித்துவைக்கும் வசதி 2023 ஏப்ரலில்தான் வந்தது. நான் வைத்திருந்த செயலியில் அதுவும் கிடையாது.

செயலி கைவிட்டால் பயன்படுத்த முன்கூட்டியே தரப்படும் மீட்புக் குறியீடுகள் இருக்குமே என்று கேட்பீர்கள். இருந்தன. அவற்றைக் காட்டிய திரையிலேயே, ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நிறுவனம் பணிவோடு அறிவுறுத்தியிருந்தது. எந்தக் கருவியை இழந்தால் அந்தக் குறியீடுகள் தேவைப்படுமோ, அதே கருவிக்குள் அவற்றைப் போட்டுவைக்கச் சொல்லும் இந்த ஏற்பாட்டைச் சம்பளம் வாங்கிக்கொண்டு யாரோ வடிவமைத்திருக்கிறார்கள்.

சரி, வேறு வழி உண்டா என்றால், 'வேறு வழியை முயல்க' என்றொரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் உதவி மையம், அங்கிருந்து ஒரு படிவம், படிவத்தின் முடிவில் உள்நுழைந்து தொடரவும் என்ற வாசகம், அழுத்தினால் மறுபடியும் ஆறு இலக்கம். கொக்குத் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிப்பதுகூட இதைவிட நேரான வழி. எப்படியோ ஒரு கட்டத்தில் செல்ஃபி வீடியோ கேட்டார்கள். இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு, நிமிர்ந்து பார் என்று இயந்திரம் ஏவ, நானும் குற்றவாளியைப் போல முகத்தைக் காட்டினேன். உறுதிசெய்ய இயலவில்லை என்று பதில் வந்தது. எப்படி இயலும்? பக்கத்தில் உள்ள படங்களோடு என் முகத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பக்கம் முழுக்க இருப்பவையோ கவுன்களும் ஜிப்பாக்களும் தொட்டில் துணிகளும். வணிகப் பக்கம் என்று பதிந்துகொள்ளச் சொன்னவர்களுக்கு, அதில் உரிமையாளரின் முகம் இருக்காது என்பது தெரியாமல் போயிற்று.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கவே முடியாதது விளம்பரக் கட்டணம். கைப்பேசி எரிவதற்கு முன்பு நான் தொடங்கிவைத்த விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கான பணம் என் அட்டையிலிருந்து தவறாமல் பிடிக்கப்படுகிறது. நிறுத்தலாமென்றால் கணக்குக்குள் போக வேண்டும். விளம்பரத்தைப் பார்த்து அளவும் விலையும் கேட்பவர்களுக்கு என்னிடமிருந்து பதில் வராது, அவர்கள் என்னை ஏமாற்றுக்காரி என்று நினைத்தால் அதில் பிழையுமில்லை. என் முகத்தை நம்பாத நிறுவனம் என் அட்டையை மட்டும் எவ்வளவு உறுதியாக நம்புகிறது! இதற்கிடையே, பணம் கொடுத்தால் கணக்கை மீட்டுத் தருகிறோம் என்று மோசடிப் பேர்வழிகள் வேறு வரிசைகட்டுகிறார்கள். அவர்களாவது கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்கிறார்கள் என்பதுதான் கொடுமை.

இந்தியாவில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும்; அவர் புகாரை 24 மணி நேரத்துக்குள் ஏற்று, குறித்த நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். எனக்கும் பதில் வந்தது, உள்ளே உதவி மையத்தின் அதே இணைப்போடு. விதியில் உள்ள 'தீர்வு' என்பது பதில் மின்னஞ்சல் அனுப்புவதோடு முடிந்துவிடுகிறது போலும். இது நம் ஊர்க் கோளாறு மட்டும் என்றும் சொல்ல முடியாது: 2024 மார்ச்சில் அமெரிக்காவில் 41 அட்டர்னி ஜெனரல்கள் (அரசின் தலைமைச் சட்ட அலுவலர்கள்), கணக்கைப் பறிகொடுத்தவர்கள் உதவி கிடைக்காமல் தங்கள் அலுவலகங்களுக்குப் படையெடுக்கிறார்கள் என்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவுக்குக் கூட்டாகக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

திருடனுக்குக் கதவைத் திறந்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கணக்கோடு சேர்ந்த மின்னஞ்சலுக்கும் எண்ணுக்கும் அறிவிப்பு அனுப்பட்டும். ஒரு வாரம் காக்கவைக்கட்டும். அதற்குள் யாரும் மறுப்புச் சொல்லாவிட்டால், அரசு அடையாள அட்டையையும் பணம் பிடித்த அட்டையின் பெயரையும் ஒரு மனிதர் ஒப்பிட்டுப் பார்த்து, பழைய சாவியை நீக்கிப் புதியதைத் தரட்டும். செலவாகும்தான், பூட்டை விற்கும்போதே அந்தச் செலவையும் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

2023இல் மத்திய அரசு அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம், விதி அனுமதிக்கும் 30 நாட்களுக்குள்ளாகவே மனுவைப் பதிந்திருக்கிறேன். நான் யாரென்று உறுதிசெய்ய இயலவில்லை என்று நிறுவனம் அனுப்பிய பதிலோடு, விளம்பரப் பணத்துக்கான ரசீதுகளையும் இணைத்திருக்கிறேன். அவை என் பெயருக்கு, என் மின்னஞ்சல் முகவரிக்கு, அதே நிறுவனம் அனுப்பியவை.