'நைட்' (knight) சொல்லில் உள்ள கே சும்மா வந்ததல்ல

'ஆங்கிலத்தில் ஒலிக்காத எழுத்தெல்லாம் லத்தீன் பண்டிதர்கள் திணித்தவை' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. கடனைக் குறிக்கும் 'டெட்' (debt) சொல்லில் உள்ள பி அப்படி வந்ததுதான். பிரெஞ்சு வழியாக பி இல்லாமல் வந்த சொல்லில், லத்தீன் 'டெபிட்டும்' (debitum) சொல்லின் நினைவாக அதை ஒட்டினார்கள். ஆனால் குதிரை வீரனைக் குறிக்கும் 'நைட்' வேறு கதை. 14ஆம் நூற்றாண்டில், ஆங்கிலக் கவிஞர் சாசர் காலத்தில், அதன் கே, ஜிஎச் இரண்டையுமே வாய்விட்டுச் சொன்னார்கள். ஏறக்குறைய 'க்னிஹ்ட்' என்று. ஜெர்மன்காரர்கள் இதற்கு உறவான தங்கள் 'க்னெஹ்ட்' (Knecht) சொல்லில் இன்றும் அந்தக் 'க்'கை விடவில்லை. 1476இல் காக்ஸ்டன் என்ற அச்சாளர் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் போட்டார். அப்புறம் எழுத்து மெல்ல உறைந்தது, நாக்கு அது பாட்டுக்கு நகர்ந்துகொண்டே இருந்தது.

தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' (island) சொல்லின் எஸ்? அதில் லத்தீன் மோகம் உண்டு, சரி. ஆனால் அந்தப் பழைய ஆங்கிலச் சொல்லுக்கும் தீவைக் குறிக்கும் லத்தீன் 'இன்சுலா'வுக்கும் உறவே கிடையாது.